சின்னக் கப்பல் திரும்பி வருமா?

சாயங்காலம், திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பஸ். போனில் ஒரு விண்வெளி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து சின்னக் கப்பல் ஒன்று கிளம்பியது.

ஆத்தூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, அது எத்தனை பேரு போற வள்ளம்?"

"நாலு பேரு, அக்கா."

"எம் மவனும் நாலு பேராத்தான் சங்கு குளிக்கப் போனான். மத்தியானமே கரைக்கு வந்துருக்கணும்."

மறுபடி மறுபடி மகனை அழைத்துப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒவ்வொரு தடவையும் அதே குரல்.

திரையிலும் சின்னக் கப்பலோடு பேச்சு அறுந்துபோனது. அந்த எபிசோடை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்; அது திரும்பாது.

"இவுக திரும்பி வந்துருவாகளா தம்பி?"

"வந்துருவாங்கக்கா."

அடுத்த காட்சி வருவதற்குள் போனை அணைத்துவிட்டு, சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். துறைமுகத்துக்குப் பிரியும் பாதை வந்ததும் அக்கா இறங்கி ஓட்டமாய்ப் போனார்.

எந்த சீரியலை எடுத்தாலும் சின்னக் கப்பல்தானா சாக வேண்டும்? அது பத்திரமாகத் திரும்பும் எபிசோடு ஒன்றாவது தெரிந்தால் இங்கே கமெண்டில் போடுங்கள்.

அக்காவிடம் நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.