குழாய் இருக்கும் பக்கம்

விமான நிலையத்திலிருந்து திரிசூலம் ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கழுத்தில் பாஸ் இல்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் வெளியே அனுப்பினார்கள். அது இல்லாவிட்டால் விமான நிலையத்துக்குள் எந்தக் கடையிலும் வேலை கிடையாது. போலீஸ் விசாரணை முடிந்து அந்த அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு, போட்டோ ஒட்டிய அட்டையை ஒருவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நான் வேலை பார்த்தது தண்ணீர் பாட்டில், டீ, பப்ஸ் விற்கிற கடை. மாதம் ஒரு தொகை, அல்லது விற்பனையில் ஒரு பங்கு. எது கூடுதலோ அதுதான் விமான நிலையத்துக்குக் கடை கட்டும் வாடகை. கார் நிறுத்துமிடம், விளம்பரப் பலகை, காலை அமுக்கிவிடும் நாற்காலி, எல்லாவற்றிலும் அவர்களுக்குக் காசு உண்டு.

“பறக்கிறவனால இல்லடா, காத்துக்கினு கீறவனாலதான் இங்க பொழப்பே” என்பார் சூப்பர்வைசர். தண்ணீர் எங்கே என்று யார் கேட்டாலும் ஃபிரிட்ஜைக் காட்ட வேண்டும். இலவசக் குழாய் தூணுக்குப் பின்னால், கழிப்பறை ஓரத்தில் இருந்தது.

அன்று ஓர் அம்மா காலி பாட்டிலோடு வந்தார். இருந்த தண்ணீரைப் பாதுகாப்புச் சோதனையில் கொட்டச் சொல்லிவிட்டார்களாம்.

“நைனா, மாத்திர போடணும். தண்ணி எங்க கீது?”

எங்கள் பக்கத்துப் பேச்சு. ஊத்துக்கோட்டையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். கை தானாகத் தூண் பக்கம் நீண்டது. பின்னால் சூப்பர்வைசர்.

“இன்னாடா, தண்ணிப் பந்தலா வச்சிக்கினு கீற?”

“மாத்திர போடணும்னாங்க சார்.”

“உங்க ஊருன்னா கொழா, மத்தவனுக்கு ஃபிரிட்ஜா? வாடகய யாரு கட்டுவா? பாஸைக் கழட்டு.”

“இந்த ஒரு தபா உட்டுடு சார்.”

அவர் கையை நீட்டியபடியே இருந்தார். கழற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா பாட்டிலை நிரப்பிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். “நல்லாருப்ப நைனா” என்றார்.

அன்றிரவு, நான் தங்கியிருந்த செவ்வாப்பேட்டை அறையில் படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் ஊருக்கே போய்விடலாம் என்று திருவள்ளூர் போய் ஊத்துக்கோட்டை பஸ் ஏறினேன். வழியில், முன்பு நெல் விளைந்த நிலத்தில் போர்வெல் போட்டு ஷெட் கட்டியிருந்தார்கள். ஆள் தேவை என்று பலகை தொங்கியது. இறங்கிப் போய்க் கேட்டேன்.

“முன்ன எங்க இருந்த?” என்றார் நிலத்துக்காரர்.

“ஏர்போர்ட்டுல.”

“அத்த உட்டுட்டு இங்கியா? இன்னா பேஜாரு பண்ண?”

“தண்ணி கொழாவக் காட்டினேன்.”

அவர் சிரித்தார். காலை நாஷ்டா சொந்தச் செலவு என்றார். பிறகு, பாட்டிலில் தண்ணீர் நிரப்பும் மெஷினுக்குப் பக்கத்தில், மூடி போடுகிற இடத்தில் என்னை நிறுத்தினார்.