எனக்கென்று தந்த ஒரு மணி நேரம்

விடைத்தாளோடு தேசப்படத்தைச் சேர்த்துக் கட்டும் வெள்ளை நூலைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். தையற்கடைக்காரி சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுத்துகள் எனக்கு வரிசையில் நிற்காது. காதால் கேட்டது மறக்காது, வாசிக்கச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முட்டாள் என்று பெயர் வாங்கி, பிரம்படியும் போதுமான அளவு வாங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் டிஸ்லெக்சியா என்று சான்றிதழ் தந்தார்கள். அதனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எனக்குத் தனி அறை, நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு டீச்சர், கூடுதலாக ஒரு மணி நேரம். அம்மா அப்பளம் இட்டபடியே பாடம் முழுவதையும் வாசித்துக் காட்டியிருந்தாள். "பெயிலானா நீயும் அப்பளம் இட வந்துரு. இனிப் படிப்பு கெடையாது" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

சமூக அறிவியல் பரீட்சைக்கு எழுத வந்த டீச்சர் வெளியூர். நான் ஒரு வரி யோசிப்பதற்குள் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்ப்பார். மற்றவர்களுக்கான மணி அடித்ததும் பேனாவை மூடினார். பெரிய கேள்விகள் இன்னும் பாக்கி இருந்தன. "டீச்சர், எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் உண்டுல்லா?" என்றேன்.

"ஏட்டி, உனக்காக உக்காந்தா எனக்கு பஸ் போயிரும். பாசாக இது போதும்" என்றபடி தேசப்படத்தை வைத்து நூலைக் கோத்து இறுக்கி முடிந்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "சந்தேகமா இருந்தா நீயே வாசிச்சுப் பாத்துக்கோ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. வாசலில் எட்டிப்பார்த்த அதிகாரியிடம், "பிள்ளை முடிச்சிட்டா சார்" என்றார். பயந்து பயந்து நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு பாடத்தில்தான் பெயில். மறுநாளே அப்பளக் கட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தையல் பழகி அதிலிருந்து எழுந்து வர வருஷங்கள் ஆயின.

போன வாரம் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த அம்மாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதே டீச்சர். அவருக்கு என்னைத் துளியும் அடையாளம் தெரியவில்லை. நேற்று வாங்க வந்தவர், "சீக்கிரம் தாம்மா, அம்பாசமுத்திரம் பஸ் போயிரும்" என்று பறந்தார்.

"கொக்கி வைக்கணும் டீச்சர். ஒரு மணி நேரம் ஆவும், இருங்க" என்றேன்.

பஸ் அவர் கண்ணெதிரே போனது. மடித்து, வெள்ளை நூலால் கட்டிய ரவிக்கை காலையிலிருந்தே என் மேஜைக்கடியில் இருந்தது.