வழிவிடத் தெரியாத கார்

சின்னதாக, சொகுசாக ஒரு எஸ்யூவி வாங்கி நான்கே நாள். புதுத் தோல் இருக்கை வாசம், அலுங்காத ஓட்டம். பக்கத்தில் மனைவி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் ஒற்றைப் பாதையில், எதிரே முட்டைக்கோஸ் லோரி மேடேறி வந்தது. பாரத்தோடு ஏறும் லோரிக்கு இறங்கும் கார்தான் பின்வாங்கி வழிவிட வேண்டும். பின்னால் எடுத்தேன். உடனே கார் நாலு பக்கமும் பீப் பீப் என்று கத்தியது. கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

லோரிக்காரர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"புதுக் காரா அண்ணே? பயப்படாதீங்க லா, நான் எடுத்துத் தரேன்."

நான் இறங்கிக்கொண்டேன். அவர் சேற்று பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினார். பீப் சத்தத்தைக் காதிலேயே வாங்காமல், மேலே அகலமான இடம்வரை பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினார். அந்த பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நான் நடந்து போனேன்.

"லோரி ஓட்டிப் பழகிட்டா இதெல்லாம் ஒன்னுமே இல்லண்ணே."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

காரில் ஒரு குறையும் இல்லை, இன்றும் ஆசையாகத்தான் ஓட்டுகிறேன். ஆனால் இதே பாதையில் இருபது வருஷம் லோரி ஓட்டி, வழிவிடாத கார்க்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.