மூன்றும் உள்ள மலை

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனி ஹாலில்தான் நான் ஸ்கீ பழகினேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அல் குசைஸில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் லேபில் வேலை. லீவு நாளில் வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கம்பளிச் சட்டையோடு சறுக்கிக்கொண்டிருப்பேன். மூன்று வருஷத்தில் அது அலுத்துவிட்டது. மேலிருந்து கீழே வர ஒரு நிமிஷம்கூட ஆகாது. பனியும் இஸ்திரி போட்டதுபோல ஒரே மட்டம்.

எனக்கு நிஜ மலை வேண்டும். புதிதாய் விழுந்த பொடிப் பனி, செங்குத்துச் சரிவு, நடுவே வளைந்து வளைந்து இறங்க மரங்கள். மூன்றும் வேண்டும்.

என் கணவர் கட்டுமான சைட்டில் சேஃப்டி ஆபீசர். "ஹெல்மெட் மண்டைக்குத்தான். மரத்துல மோதினா முட்டிக்கு என்ன போடுவ?" என்றார். ஆனாலும் என்னைத் தனியாக விட மனசில்லாமல் வருவதாக ஒத்துக்கொண்டார்.

மலையைத் தேடுவதே ஒரு டியூட்டி ஆகிப்போனது. ஜார்ஜியாவில் குடவுரிக்குப் போவது சுலபம். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மொட்டை மலை, மரமே கண்ணில் படவில்லை. கிர்கிஸ்தானில் கரகோலில் மரமும் உண்டு, பனியும் உண்டு. விமானம் விட்டு இறங்கி நாள் முழுக்கக் காரில் போக வேண்டும். எங்கள் இருவருக்கும் சேர்ந்து கிடைத்த லீவோ ஆறே நாள். மூன்றும் இருந்து, லீவுக்கும் ஒத்துவந்தது காஷ்மீரில் குல்மார்க் மட்டும்தான்.

அதிலும் ஒரு சிக்கல். இந்தியா வரைக்கும் வந்துவிட்டுத் திருநெல்வேலிக்கு வராமல் போனேன் என்று தெரிந்தால் அம்மா விடமாட்டாள். அந்த வாரம் லேபில் ஆடிட் என்று பொய் சொன்னேன்.

நாங்கள் போய் இறங்கிய அன்றே பனி கொட்ட ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை எங்கள் கைடு, அந்த ஊர்க்காரர், உதட்டைப் பிதுக்கினார். "மேடம், மேல் கேபிள் கார் பந்த். பனிச்சரிவு பயம்." செங்குத்துச் சரிவெல்லாம் மேலேதான். அடுத்த நாளும் பந்த். பனி இல்லாவிட்டால் சறுக்க முடியாது. விழுந்தால் மலையை மூடிவிடுகிறார்கள்!

"மூடினதுதான் கரெக்ட். நானா இருந்தாலும் மூடியிருப்பேன்," என்றார் என் கணவர், டீயை உறிஞ்சியபடி. பனியைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

நாலாம் நாள் கைடு என்னைக் கீழ்க்காட்டு மரங்களுக்குள் கூட்டிப்போனார். ஐந்தே ஐந்து வளைவு இறங்கியிருப்பேன். கெட்டிப் பனியில் பழகிய கால், பொடிப் பனியில் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறியது. இடுப்பளவு பனிக்குள் தலைகுப்புற விழுந்தேன். எழுந்தபோது ஒரு ஸ்கீயைக் காணோம். நானும் கைடும் கம்பால் குத்திக் குத்தித் தேடினோம். அரைமணி, முக்கால்மணி. விரல் மரத்துப்போனது.

அந்நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மா.

"மாப்ள ஸ்டேட்டஸ்ல பனிக்குள்ள நிக்காரு. எங்கட்டி இருக்க?"

"இங்க மாலுக்குள்ள பனி ஹால் இருக்கும்மா."

"மாலுக்குள்ள குதிரை நிக்குமாட்டி?"

கீழே சவாரிக் குதிரைகளோடு படம் எடுத்துப் போட்டிருக்கிறார் மனிதர்! உண்மையைச் சொன்னேன். அம்மா, "அவ்வளவு தூரம் வர முடியுது. பெத்தவளைப் பாக்க முடியலயோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கைடு ஒரு மரத்தடியிலிருந்து ஸ்கீயைத் தோண்டி எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் பொழுதும் போய்விட்டது.

மறுநாள் நாங்கள் கிளம்பும்போது வானம் பளிச்சென்றிருந்தது. மேல் கேபிள் கார் திறந்துவிட்டார்கள் என்று டாக்சிக்காரர் சந்தோஷமாகச் சொன்னார். கண்ணாடி வழியே பார்த்தேன். வெள்ளைச் சரிவில் நாலைந்து பேர் எறும்புபோல இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த லீவுல பாத்துக்கலாம்," என்றார் என் கணவர்.

"அடுத்த லீவு திருநெல்வேலி. பேசாம வாங்க," என்றேன்.