தண்ணி போடுகிறவர்

அக்காவுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அப்பா அவர் வேலை பார்த்த கச்சா எண்ணெய் வயலுக்கே போனார். வாசலில் இருந்த வாட்ச்மேன் வெள்ளந்தியாகச் சொன்னார்: "அவரா? காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் தண்ணி போடுறதுதான் வேலை." அப்பா போன காலோடு திரும்பிவிட்டார். குடிகாரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடி. விஷயத்தை விளக்கி அவரை மலையிறக்குவதற்குள் எல்லோருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது.

அந்த மாப்பிள்ளைதான் பிறகு எனக்கு மாமாவானார். அவர் போட்டது நிஜத் தண்ணீர். வயதான வயலில் எண்ணெய் தானாக மேலே வராது. ஒரு கிணற்றின் வழியாகத் தண்ணீரைப் பம்பு வைத்து ஆழத்துப் பாறைக்குள் அழுத்த வேண்டும். அது எண்ணெயை மெல்ல நெட்டித் தள்ளிக்கொண்டு போய் பக்கத்துக் கிணற்றில் சேர்க்கும். அவசரப்பட்டு அழுத்தினால் பாறை விரிசல் விடும். தண்ணீர் குறுக்கு வழி பிடித்து ஓடிவிடும், எண்ணெய் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். அதற்காகவே அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜில் ஒரு சிவப்புக் கோடு. முள் அதைத் தாண்ட மாமா விட்டதே இல்லை.

வீட்டிலும் அதே கறார்தான். கல்யாணமாகிச் சில வருஷத்தில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது; டயாலிசிஸில் இருந்தாள். குடிக்கிற தண்ணீருக்கு டாக்டர் அளவு போட்டிருந்தார்; மீறினால் உயிருக்கே ஆபத்து. வேலையில் குளம் குளமாகத் தண்ணீர் தள்ளுகிற மனிதர், வீட்டில் சின்ன எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுப்பார்.

"இன்னும் ஒரு வாய் ஊத்துங்களேன். உங்க அப்பா வீட்டுச் சொத்தா கரையுது?" என்று அக்கா கத்துவாள். மாமா ஜக்கை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

உற்பத்தி ஏறாவிட்டால் வயலை மூடப்போவதாக நிர்வாகம் சொன்னது. வயலோடு கம்பெனி ஆஸ்பத்திரியும் போய்விடும். அக்காவுக்கு டயாலிசிஸ் நடந்தது அங்கேதான். அதை விட்டால் அரை நாள் பயணம். அவள் உடம்பு தாங்காது.

மாமா யாரிடமும் சொல்லாமல் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தார். முள் சிவப்பைத் தாண்டியது. உற்பத்தி ஏறியது. வயலுக்குப் பொறுப்பான இன்ஜினியரம்மாவே வந்து கைகொடுத்தார். மாமா சிரித்தார் என்று நான் சொன்னபோது அக்கா நம்பவில்லை.

அக்கா கல்யாணத்துக்குப் பிறகு நானும் அதே வயலில் சேர்ந்திருந்தேன்; எண்ணெய்க் கிணற்றில் சாம்பிள் எடுக்கிற ஆள். மற்ற இடங்களில் தண்ணி வந்துருச்சு என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் வயலில் அந்த வார்த்தைக்குக் கிணறு செத்தது என்று அர்த்தம். ஒருநாள் காலையில் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். மேலே விரலளவு கறுப்பு, அதற்குக் கீழே வெறும் தண்ணீர். பம்பு ரூமுக்கு ஓடினேன்.

"மாமா, தண்ணி வந்துருச்சு."

அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நான்தான்டா. கொஞ்சம் கூட்டுனா என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்."

அவரே போய் இன்ஜினியரம்மாவிடம் ஒப்புக்கொண்டார். அந்தம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சாயங்காலத்துக்குள் கிணற்றை அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வயலை மூடுவதும் முடிவாகிவிட்டது.

மாமாவை வீட்டுக்குத் தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அக்கா தண்ணீர் மட்டும் கேட்டாள்.

மாமா டம்ளர் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

"குடி. இனிமே நான் அளக்கல. எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

அக்கா டம்ளரை வாங்கினாள். உதடு வெடித்துப்போயிருந்தது, அவ்வளவு தாகம். பாதித் தண்ணீரைத் திரும்ப ஜக்கிலேயே ஊற்றினாள்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். நாளைக்கும் நீங்கதான் அளந்து ஊத்தணும்," என்றாள்.