ஐந்தாவது பெயர்

சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமை. மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் வசிக்கும் தாமானுக்குள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்குள், காலை பத்து மணிக்கெல்லாம் வெள்ளம் புகுந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே விடாத மழை. தண்ணீர் வாசல்படி ஏறிய பிறகும், இதற்கு மேல் வராது என்று சொல்லிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நான். அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு ஆகிவிட்டது.

அப்புறம் பறந்தோமே ஒரு பறப்பு. நகை, பாஸ்போர்ட், மகளின் சான்றிதழ்கள், மாமியாரின் மருந்துப் பை, கூண்டோடு இரண்டு லவ் பேர்ட்ஸ் என்று எதையும் நான் விடவில்லை. திருடன் பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த வெள்ளத்திலும் வாசல் கிரில்லை இழுத்துச் சாத்தி, இருப்பதிலேயே பெரிய பூட்டாகப் போட்டு, சாவியைக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் கிளம்பினேன்.

எங்கள் வரிசைக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்தின் மாடியில்தான் எல்லோரும் ஏறினோம். மலாய்க்காரர், சீனர், நாங்கள் என்று ஐம்பது அறுபது பேர் இருப்போம். ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தின் நடுவே ஒருவர் மட்டும் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வீட்டு எண் வாரியாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

அவரைத் தாமானில் எல்லோரும் சார் என்போம். எண்பதை நெருங்கியவர். இளமையில் பட்டாளத்தில் சேர்ந்து போர்னியோ காட்டில் சண்டை பார்த்தவர். பிறகு முப்பது வருடம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. தாமான் சங்கத்தின் பேரில் வருடத்துக்கு இரண்டு முறை வாசலில் வந்து நின்று, வீட்டில் யார் யார், என்ன பெயர், எத்தனை மணிக்கு வேலை என்று கேட்டு எழுதுவார். வருமான வரி ஆபீஸர்கூட இவ்வளவு கேட்கமாட்டார் என்று கணவரிடம் கிண்டல் செய்வேன். கடைசியாக வந்தபோது, அடுப்பில் வேலை இருக்கிறது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

எங்கள் வீட்டு எண் வந்தது.

"எல்லாரும் இருக்கோம் லா, சார்," என்றேன்.

"எல்லாரும்னு சொல்லாதீங்கம்மா. பேர் சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. கணவர், மாமியார், மகள், நான் என்று நான்கு பெயரையும் ஒப்பித்தேன். சார் நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்ல அஞ்சு பேரும்மா," என்று சொல்லி, ஐந்தாவது பெயரை வாசித்தார்.

யார் அது என்று கேட்க வாயெடுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டேன். சமையலறைக்குப் பின்னால் நாங்கள் இழுத்துக் கட்டியிருந்த சின்ன அறையில் ஒரு நேப்பாளி வாடகைக்கு இருந்தார். தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் வேலை. இங்கே ஜாகா என்போம். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். பின்சந்து வழியாகவே வந்து போவதால் எங்கள் கண்ணில் அதிகம் படமாட்டார். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் இருந்தவரை நாங்கள் ஜாகா என்றே கூப்பிட்டோம். அவருடைய பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். சாவி என் கைப்பையில் இருக்கிறது.

"தூங்கிட்டு இருப்பாரு சார். நான் கிரில்ல பூட்டிட்டேன்," என்றேன்.

சார் திட்டவில்லை. "சாவிய குடுங்க," என்று மட்டும் சொன்னார். மீன் பிடிக்கப் போகும் மலாய்க்கார அண்ணன் ஒருவர் தன் சிறிய படகில் ஆட்களை ஏற்றிவந்து இறக்கிக்கொண்டிருந்தார். சார் அவரிடம் சாவியைக் கொடுத்து மலாயில் இரண்டு வார்த்தை பேசினார். என் கணவரும் படகில் ஏறிக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். சார் என் பக்கத்தில் வந்து நின்றார். நோட்டில் அந்த ஐந்தாவது பெயர்மேல் விரலை வைத்தபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு திரும்பி வந்தபோது அதில் மூன்று பேர் இருந்தார்கள். தண்ணீரின் அழுத்தத்தில் பின்கதவு திறக்காமல், முன்பக்கம் ஓடிவந்து கிரில்லையும் அசைக்க முடியாமல், சமையல் மேடைமேல் ஏறி நின்றிருக்கிறார் அந்த மனிதர். மேடைமேலேயே முழங்கால் தண்ணீராம். அவர் கத்தியது மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரோ குளிரில் நடுங்கிக்கொண்டே, பரவாயில்லை அக்கா என்று மலாயில் எனக்குச் சமாதானம் சொன்னார்.

வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி முடித்த பிறகு சாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த மனிதரின் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க கதவ சாத்திட்டீங்க. நான் பின்சந்துக்குப் போய் அவர்கிட்டயே கேட்டு எழுதிக்கிட்டேன்," என்று சிரித்தார்.

பிறகு அவராகவே சொன்னார். போர்னியோவில் ஒரு நாள் அவருடைய குழு ஆற்றைக் கடந்திருக்கிறது. கரை ஏறியதும் அதிகாரி கேட்டபோது, எண்ணிப் பார்க்காமலே எல்லோரும் இருக்கிறோம் என்று பதில் சொன்னவர் சார்தான். ஒருவர் குறைந்திருந்தார். மறுநாள் ஆற்றோட்டத்தில் வெகுதூரம் தள்ளி உடல்தான் கிடைத்தது.

"எனக்கு இருபத்திரண்டு வயசும்மா. அவனுக்கும் அதே வயசுதான். உடனே சொல்லியிருந்தா தேடியிருப்பாங்க," என்றார்.

அவரிடம் படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வகுப்பில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவாராம். மாணவர்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்களாம். ஏன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லையாம்.

சென்ற மாதம் சார் தவறிவிட்டார். வீடு கொள்ளாத கூட்டம். பட்டாளத்துப் பழைய தோழர்கள் சிலர் தள்ளாடியபடி வந்து சல்யூட் அடித்தார்கள். வீரர் என்றார்கள், நல்லாசிரியர் என்றார்கள், வெள்ளத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியவர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்று அவர் காப்பாற்றியது இரண்டு பேரை என்று எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபது வருடம் தான் சுமந்த பாரம் என் மேலும் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். இன்று நான் நிம்மதியாகப் படுத்து எழுகிறேன் என்றால், அது சார் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது.