அண்ணனுக்கு நான் சொன்ன பாதிக் கதை

தலையணை உறையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே அண்ணனுக்குக் கதை சொன்ன அந்தப் புதன்கிழமை மத்தியானம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் ஊரிகம் லைன் வீடுகளில் பட்டப்பகலில் ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் காய்ச்சலாக இருக்கும், இல்லையென்றால் ராத்திரி ஷிப்டாக இருக்கும். அண்ணனுக்கு இரண்டும் இல்லை, கோபம். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுத்து நிறுத்துகிற கூட்டத்துக்கு அவன் மேஸ்திரி. சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரியான கேப்டன் துரை, அண்ணன் சொன்ன ஏதோ எதிர்வார்த்தைக்காக, எல்லார் முன்னாலும் அந்தப் பொறுப்பைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். "அந்த ஆளே வந்து கூப்ட்டாத்தான் எறங்குவேன்" என்று அண்ணன் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். துரையாவது, வருவதாவது! மூன்றாம் நாளே அவனுக்கு வீராப்பு தளர்ந்து, "நாளைக்குப் போயிடட்டுமா?" என்று அம்மாவிடம் முனக ஆரம்பித்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் என் கதையோடு வந்து சேர்ந்தேன். மிஷன் பள்ளித் தையல் வகுப்பில், நாங்கள் ஊசியும் நூலுமாக இருக்கும்போது, எங்கள் வெள்ளைக்கார வாத்தியாரம்மாள் கிரேக்க தேசத்துப் பழைய யுத்தக் காவியம் ஒன்றைத் தன் உடைந்த தமிழில் வாராவாரம் சொல்லிவந்தார். இளம்பிள்ளைகள் அதிலிருந்து நல்லொழுக்கம் கற்க வேண்டுமாம். சேனையிலேயே பெரிய வீரன் ஒருவன். ராஜா எல்லார் முன்னாலும் அவனுடைய பரிசைப் பறித்துக்கொள்கிறான். வீரன் கூடாரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். சேனை தோற்கிறது, ராஜா ஆள் அனுப்பிக் கெஞ்சுகிறான், அவன் அசைவதாக இல்லை. அதோடு மணி அடித்துவிட்டது. மீதி அடுத்த புதன்கிழமை.

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அவன்தான்டி ஆம்பள! இன்னா ஆனாலும் நானும் எறங்க மாட்டேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் தொடர்ந்து வராதவனின் பேரை ஆபீசில் அடித்துவிடுவார்கள். அதனால் அண்ணனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த அவனுடைய சிநேகிதர் அன்று சாயங்காலம் வந்து, அண்ணனின் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கேட்டார். "நீ குந்திக்கினு இரு. உன் பேரு போவாம நான் பாத்துக்கறேன்." தன் ஷிப்டு முடிந்ததும் சுரங்க வாசலில் அண்ணனின் டோக்கனைக் கொடுத்துவிட்டு, அவன் பேரில் மறுபடி இறங்குவதாகத் திட்டம். அண்ணன் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை பாறை சரிந்தது. டோக்கன் நம்பரைப் பார்த்துவிட்டு, அண்ணன் செத்துப்போனான் என்று சொல்ல ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். கேட்டதும் அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணனோ அவளுக்கு எதிரிலேயே சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கிவிட்டாள். பிறகுதான் அண்ணன், "டோக்கன் அவன்கிட்ட கீதும்மா" என்றான்.

அடுத்த புதன்கிழமை அம்மாள் மீதிக் கதையைச் சொன்னார். வீரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போன அவன் நண்பன், அவனுக்குப் பதிலாகச் சாகிறான். "இதிலிருந்து என்ன கற்றோம்?" என்று அம்மாள் கேட்டார். கோபம் கூடாது என்றாள் ஒருத்தி. நட்பு பெரிது என்றாள் இன்னொருத்தி. இரண்டுமே சரி என்றார் அம்மாள். எனக்குத்தான் வேறு கேள்விகள் முளைத்தன. முழுக் கதையும் ஒரே நாளில் முடிந்திருந்தால் அண்ணன் வேலைக்குப் போயிருப்பானா? போயிருந்தால், அவன் கொடுத்த மரம் பாறையைத் தாங்கியிருக்குமா, இல்லை அவனே அடியில் கிடந்திருப்பானா? இன்று நானும் வாத்தியாரம்மாதான். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம், 'என்ன கற்றோம்' என்று கேட்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறேன். அண்ணனிடம் மீதியை நான் சொல்லவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சிநேகிதரின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். அண்ணன் அவர் காலில் விழுந்து, துரை தன்னை அவமானப்படுத்தியதையெல்லாம் சொல்லி அழுதான். அவர் முழுவதும் கேட்டார்.

"தொர பண்ணது தப்புதாம்ப்பா. நீ கோவிச்சிக்கினு குந்தனதும் சரிதான்" என்றார். "அப்பிடியே எம்புள்ளையையும் கூட குந்துடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"